காசு கொடுத்து இன்டர்ன்ஷிப்பா? காசு வாங்கி வேலையா?

செமஸ்டர் பரீட்சை முடிவதற்கு முன்னாலேயே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போஸ்டர்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். '15 நாள் இன்டர்ன்ஷிப்', 'வீட்டிலிருந்தே செய்யலாம்', 'சான்றிதழ் உறுதி'. கீழே பொடி எழுத்தில் கட்டணம் இருக்கும். அதாவது வேலையும் நாமே பார்ப்போம், காசும் நாமே கொடுப்போம். (பல சமயம் வேலையே இருக்காது, சான்றிதழ் மட்டும் மெயிலில் வரும். அது வேறு கதை :-))

இந்த லீவில் என்ன செய்யலாம் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கும் இன்டர்ன்ஷிப்பைவிட, சம்பளம் தரும் எந்த நேர்மையான வேலையும் மேல். துணிக்கடை, கேட்டரிங் சர்வீஸ், ஊட்டி சீசன் ஓட்டல், எதுவாக இருந்தாலும் சரி. அதைக் கல்லூரிகளும் பயிற்சியாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சான்றிதழ் வியாபாரம் சும்மா முளைக்கவில்லை. ஏ.ஐ.சி.டி.இ. 2018ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்து, அதில் இன்டர்ன்ஷிப்புக்கும் இடம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டில் இருக்கும் இத்தனை கல்லூரிகளின் மாணவர்களும் ஒரே லீவில் கம்பெனி வாசலில் போய் நின்றால் எத்தனை கம்பெனி கதவைத் திறக்கும்? மாமா மேனேஜராக இருப்பவனுக்குத் திறக்கும். மற்றவர்களுக்குப் போஸ்டர்தான்.

இதில் அடிபடுவது யார்? லீவில் சம்பாதித்தால்தான் அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவன். இன்டர்ன்ஷிப்புக்குக் கட்டும் பணம் ஒரு நஷ்டம். அந்த நாட்களில் வரவேண்டிய கூலி போவது இன்னொரு நஷ்டம். இல்லாதவனிடம்தான் இரண்டு மடங்கு வசூல். எனக்குத் தெரிந்த ஒருவன் போன லீவு முழுக்க ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். கடை முதலாளியிடம் கடிதம் வாங்கிக்கொண்டு டிபார்ட்மென்ட்டுக்குப் போனால், 'இதெல்லாம் செல்லாதுப்பா, கம்பெனி லெட்டர் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் சம்பாதித்ததில் கொஞ்சம் எடுத்து ஒரு ஆன்லைன் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தான். அது செல்லுபடியானது!

துணிக்கடையில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பீர்கள். முகூர்த்த சீசனில் எந்தச் சரக்கு எத்தனை நாளில் தீரும், எதை மறுபடி ஆர்டர் போட வேண்டும், தேங்கியதை எப்போது தள்ளுபடியில் தள்ள வேண்டும் என்பதைத்தான் பி.காம் மாணவன் 'இன்வென்டரி' என்ற பெயரில் புத்தகத்தில் படிக்கிறான். நான் இரண்டு லீவு கேட்டரிங் சர்வீஸுக்குப் போயிருக்கிறேன். முதல் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று பார்த்தே மூன்றாவது பந்திக்குச் சாதம் பத்துமா, இன்னொரு உலை வைக்க வேண்டுமா என்று மாஸ்டர் முடிவு செய்வார். குறைந்தால் மானம் போகும், மிஞ்சினால் காசு போகும். எங்கள் வகுப்பில் 'டிமாண்ட் ஃபோர்காஸ்டிங்' நடத்தியபோது எனக்கு அந்த மாஸ்டர் முகம்தான் ஞாபகம் வந்தது. கோபமாக இருக்கும் பெண் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

'பி.இ. படிச்சுட்டு பந்தி பரிமாறப் போறியா?' என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று 2024 மார்ச்சில் விதியைத் தளர்த்தினார்கள். ஆஸ்திரேலியாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 2023 ஜூலையில் வரம்பு வைத்தார்கள், லீவில் வரம்பே கிடையாது. அங்கே போன நம்ம ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஓட்டலில் தட்டு கழுவுகிறார்கள், சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை அடுக்குகிறார்கள். 'பையன் தன் செலவைத் தானே பாத்துக்கறான்' என்று அதே உறவினர்கள்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். மெல்போர்னில் கழுவினால் கௌரவம், மதுரையில் கழுவினால் கேவலமா? தட்டு ஒன்றுதானே சாமி!

இன்டர்ன்ஷிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையானது கிடைத்தால் ஓடிப்போய்ச் சேருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடை ஃபெலோஷிப், இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் எல்லாம் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கற்றுத்தருபவை. லீவு விட்ட பிறகு தேடினால் கிடைக்காது, பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நல்ல இடத்தை அடையாளம் காண என் அளவுகோல் சுலபமானது: பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் பாக்கெட்டிலிருந்து வெளியே போனால் நீங்கள் அங்கே வாடிக்கையாளர், ஊழியர் இல்லை.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்பவர்களுக்கு: பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் பயிற்சி 12 மாதம், முழு நேரப் படிப்பில் இருப்பவர்கள் சேர முடியாது என்பது அன்றைய நிபந்தனை. இரண்டு மாத லீவுக்காரனுக்கு அதனால் என்ன லாபம்?

வேலைக்குப் போகிறவர்கள் ஏமாறாமலும் இருக்க வேண்டும். கடை வேலைக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லிருந்தே இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம். 2021ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நாள் முழுக்க நிற்கவைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன என்பது ரங்கநாதன் தெருவில் ஒரு நடை நடந்தாலே தெரியும். சட்டம் தெரிந்த நாலு மாணவர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தால், வருடம் முழுக்க நிற்கும் அக்காக்களுக்கும் ஒரு ஸ்டூல் கிடைக்கலாம். இன்னும் இரண்டு விஷயம். டெபாசிட் கேட்டாலோ ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்டாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சம்பளம் தினமா, வாரமா, மாதமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வேலை கொடுத்தவரின் கடிதம், சம்பளம் வந்ததற்கான ஆதாரம், அங்கே என்ன கற்றேன் என்று மாணவனே எழுதிய நாலு பக்க அறிக்கை. இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு வைவாவில் பத்து நிமிடம் கேள்வி கேளுங்கள். வேலை பார்த்தவன் பதில் சொல்லிவிடுவான். சான்றிதழை மட்டும் வாங்கியவன் என்ன சொல்கிறான் என்றும் அதே பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். எது பயிற்சி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.