புது ரைடிங் பூட்ஸ்: ‘போகப் போக சரியாகிடும்’ எவ்வளவு தூரம் உண்மை?

மூன்று மாதம் காசு சேர்த்து ஆர்டர் போட்ட லெதர் ரைடிங் பூட்ஸ் வந்து இறங்குகிறது. பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஆசையாகக் காலில் மாட்டினால் கணுக்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நாலு அடி நடப்பதற்குள் குதிகாலில் சுருக்கென்று ஒரு கடி. வாங்கிய கடைக்கு போன் போட்டால் வரும் பதில் பலருக்கும் மனப்பாடம்: “புது லெதர் சார், அப்படித்தான் இருக்கும். போகப் போக சரியாகிடும்.”

இந்த ஒரு வரியை நம்பி சனிக்கிழமை விடிகாலையில் அதே பூட்ஸோடு கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கியரை இறக்கி, பிரேக்கை மிதித்து, மறுபடி கியரை ஏற்றி மேலே போய்ச் சேரும்போது கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டியிருக்கும். திங்கட்கிழமை ஆபீஸுக்கு செருப்புதான். பூட்ஸ் அலமாரிக்குள் போய்விடும். அடுத்த ரைடு பழையபடி ஸ்னீக்கர்ஸில்.

இழப்பு வெறும் காசோடு நிற்பதில்லை. ஹெல்மெட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இருக்கிறது. போடாவிட்டால் போலீஸ் நிறுத்துவார். ரைடிங் பூட்ஸை யாரும் கேட்கப் போவதில்லை. சொந்த விருப்பத்தில் அணிகிற ஒரு பாதுகாப்புக் கவசம் முதல் வாரத்திலேயே வலியைக் கொடுத்தால், அந்த விருப்பம் அதோடு முடிந்தது. வண்டி சாய்ந்து காலின் மேல் விழுகிற நாளில் பூட்ஸ் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

அதனால், ‘சரியாகிடும்’ என்கிற அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதி உண்மை, பாதி வியாபாரம்.

எது இளகும், எது இளகாது?

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிப் பிணைந்த வலை. பதனிடும்போது அந்த இழைகள் அழுகாதபடி நிலைப்படுத்தப்படுகின்றன. பிறகு அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதற்காக எண்ணெய் ஏற்றப்படுகிறது. புதுத் தோல் இன்னும் எங்கேயும் மடங்கிப் பழகாதது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடக்கும்போது, உடம்புச் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்து, அந்த இடத்தில் இழைகள் நகர்ந்து கொடுக்க ஆரம்பிக்கும். கணுக்காலுக்கு மேலே விழுகிற சுருக்கங்கள் அப்படி உருவாகிறவைதான். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சாயங்களில் பதனிட்ட தோல் பொதுவாக முதலில் அதிகமாக முரண்டு பிடிக்கும், பிறகு காலின் வடிவத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். குரோமியத்தில் பதனிட்ட தோல் தொடக்கத்திலேயே கொஞ்சம் இளக்கமாக இருக்கும்.

ஆக, கணுக்கால் மடிப்பு, மேல்பாதம், பக்கவாட்டு அகலம் – இவை மூன்றும் இளகும். அகலத்தில் சில மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிய நிம்மதி.

நீளம் இளகாது. ஒரு யுகே சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் சுமார் 6.7 மில்லிமீட்டர். அந்தளவு நீளத்தை எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் பூட்ஸ் தரப்போவதில்லை, ஏனென்றால் அடியில் இருப்பது விறைப்பான சோல், முன்னால் இருப்பது கெட்டியான கப். நேராக நிற்கும்போதே கட்டைவிரல் முன்சுவரை முட்டினால் அது ‘பழகாத பூட்ஸ்’ இல்லை, தப்பான சைஸ். அதற்கும் “சரியாகிடும்” என்று சொல்பவர் ஸ்டாக்கைத் தள்ளப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு விறைப்பு இருக்கிறது. அது போகவே கூடாது. பைக் பூட்ஸுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 13634. உராய்வில் எவ்வளவு நேரம் தாங்குகிறது, வெட்டுப்படுமா என்பதோடு, பக்கவாட்டில் நசுக்கினால் சோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதையும் அதில் சோதிக்கிறார்கள். வண்டிக்கும் சாலைக்கும் நடுவே பாதம் மாட்டிக்கொண்டால் காப்பாற்றுவது அந்த விறைப்புதான். சோலைக் கையால் முறுக்கி முறுக்கி ‘இளக்கி’ வைப்பவர்கள், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய விஷயத்தைத் தாங்களே கழற்றி எறிகிறார்கள்.

நடக்கும்போது குதிகால் லேசாக மேலே எழும்புவதும் பலரைப் பயமுறுத்துகிறது. சோல் மடங்காததால் வருவது அது. கணுக்கால் மடிப்பு விழுந்ததும் குறையும். குதிரை ஓட்டுபவர்களுக்கு இது பழைய கதை. முழங்கால் வரை வரும் அவர்களுடைய பூட்ஸை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக வாங்குவார்கள். கணுக்காலில் மடிப்பு விழுந்ததும் உயரம் ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கடையில் கச்சிதமாக இருந்தால் பிற்பாடு குட்டையாகிவிடும்.

ரீல்ஸ் வைத்தியங்கள்

தண்ணீரில் ஊறவை, ஹேர் டிரையர் பிடி, உள்ளே தண்ணீர்ப் பை வைத்து ஃப்ரீசரில் போடு, தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டு. ஒவ்வொன்றுக்கும் லட்சக்கணக்கில் பார்வைகள்.

ஊறவைக்கும் வித்தைக்கு உண்மையிலேயே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ராணுவத்தில் எட்வர்ட் மன்சன் என்ற மருத்துவ அதிகாரி சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்து 1912-ல் ஒரு புத்தகமே எழுதினார். புது ஷூவைப் போட்டுக்கொண்டு சில நிமிடம் தண்ணீரில் நின்று, பிறகு அது காலிலேயே காயும்வரை சமதளத்தில் நடக்கச் சொன்னவர் அவர். ஆனால் அன்றைய ஷூ முழுக்கத் தோல், தைத்த சோல். இன்றைய ரைடிங் பூட்ஸில் பசை, ஃபோம், நீர் புகாத சவ்வு, பிளாஸ்டிக் கவசம் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஊறிய பிறகு தோல் ஒரு பக்கம் சுருங்கும், பசை இன்னொரு பக்கம் விடும். மன்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: முதுகில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ சுமையோடு நிற்கவைத்துத்தான் அவர் பாத அளவு எடுத்தார். எடை ஏறினால் பாதம் நீண்டு அகலும். சோபாவில் உட்கார்ந்தபடி பூட்ஸ் போட்டுப் பார்த்து சைஸை முடிவு செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம். பகல் முழுக்க நடமாடிய பாதம் மாலையில் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். அளவு பார்க்க அதுவே நல்ல நேரம்.

ஹேர் டிரையர் கதை இன்னும் மோசம். ஈரமான தோல் சூட்டைத் தாங்காது. இழைகள் சுருங்கிக் கெட்டியாகிவிட்டால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. ஃப்ரீசரில் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பது சரிதான். அந்த அழுத்தம் கடிக்கிற இடத்தை மட்டும் தேடிப் போய்த் தள்ளும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தையலும் பூட்ஸில்தானே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தோலை இளக்கும், சந்தேகமில்லை. அளவு மீறினால் தாங்க வேண்டிய இடங்களையும் சேர்த்து இளக்கி, தூசியையும் அப்பிவிடும். தயாரிப்பாளர் சொல்லும் லெதர் கண்டிஷனரை மடிப்பு விழும் இடங்களில் மெல்லிசாக ஒரு முறை தடவினால் போதும். ஸ்வேட், நூபக் வகை என்றால் அதுவும் வேண்டாம்.

பொறுமையான வழிதான், வேறில்லை

முதல் சில நாட்கள் வீட்டுக்குள் மட்டும், டைல்ஸ் தரையில், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ரைடுக்குப் போடும் அதே சாக்ஸோடு. மாடிப்படி ஏறி இறங்கினால் கணுக்கால் சீக்கிரம் மடங்கும். வீட்டுக்குள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: சோலில் மண் படாதவரை, டேக் அறுக்காதவரை மாற்றிக் கேட்க வாய்ப்பு இருக்கும்.

பிறகு வண்டி. ஆனால் எஞ்சினை ஆன் செய்யாமல். சென்டர் ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்து, கியர் லீவரை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். நிறைய பேர் தவறவிடும் இடம் இதுதான். ஸ்னீக்கர்ஸுக்கு சரியாக இருந்த லீவருக்கு அடியில் பூட்ஸின் தடித்த முனை நுழையாது. கணுக்காலை வளைத்து வளைத்து நுழைக்கப் பார்த்தால் வலி வரும்; பழி பூட்ஸுக்குப் போகும். மெக்கானிக்கிடம் சொல்லி லீவரைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் பாதி ‘கடி’ அங்கேயே தீர்ந்துவிடும். வலது காலில் பின்பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வும் புது பூட்ஸில் மங்கிப்போகும். அந்த நிலையில் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் இறங்குவது விபரீதம். ஆளில்லாத தெருவில், ஞாயிறு காலையில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர். அது பழகிய பிறகே நெடுந்தூரம்.

கொப்புளத்துக்குக் காரணம் வெளித்தோல் தேய்வது மட்டுமில்லை. உள்ளே எலும்பு நகர, மேலே தோல் பூட்ஸோடு ஒட்டி நிற்க, நடுவில் இருக்கும் அடுக்குகள் இழுபட்டுக் கிழிகின்றன. வியர்வை ஈரம் அந்த ஒட்டுதலைக் கூட்டும். அதனால்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பருத்தி சாக்ஸைவிட, கம்பளி அல்லது சிந்தெடிக் கலந்த சாக்ஸ் நல்லது. ஓரிடம் சூடாக உணர்ந்தவுடனே டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது லேட். வந்துவிட்டால் ஊசியால் குத்தி உடைக்காமல் விடுவதே நல்லது.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தால் கடிப்பதே தெரியாது. சின்னக் கொப்புளம் ஆறாத புண்ணாக மாறும் ஆபத்து உண்டு. டாக்டரிடம் கேட்காமல் இறுக்கமான புது பூட்ஸில் இறங்கக் கூடாது. கழற்றிய ஒவ்வொரு முறையும் பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

கடைக்காரர்களின் பங்கு எங்கே?

இவ்வளவு வேலையும் வாங்கியவர் தலையில்தான். வெளியே போட்டு நடந்த பூட்ஸை பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. போட்டு நடக்காமல் சைஸ் சரியா என்று தெரிவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள். தையல் பிரிந்தால், சோல் விட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். சைஸ் பொருந்தாதது குறைபாடு கணக்கில் வராது. அந்த ஓட்டையில்தான் “சரியாகிடும்” சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

பாத நீளத்தை சென்டிமீட்டரில் அச்சிடுவது, எந்த வகைத் தோல் என்று சொல்வது, வீட்டுக்குள் ஒரு வாரம் போட்டுப் பார்க்க அனுமதிப்பது. இவற்றுக்கு எந்த ராக்கெட் விஞ்ஞானமும் வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து உலகத்துக்கே ஷூ போகிறது. 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இப்படியொரு மாநிலத்தில் பூட்ஸ் வாங்குகிறவர் தோலைப் பற்றி ரீல்ஸ் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று நான்கு வாரம் முறையாகப் போட்டும் அதே இடம் கடிக்கிறதென்றால், ஷூ ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோய் அந்த ஒரு இடத்தை மட்டும் கட்டை வைத்து விரிக்கச் சொல்லலாம். தோலாக இருந்தால் கொடுக்கும். கவசம் இருக்கும் இடம் கொடுக்காது. அதற்கும் மசியவில்லை என்றால் விற்றுவிடுவது நல்லது. செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் ‘இரண்டே முறை போட்டது, புத்தம் புதுசு’ என்று ரைடிங் பூட்ஸ் வருவது ஏன் என்று இப்போது புரியும். அதை வாங்கப் போகிறவர் கையோடு தன் ரைடிங் சாக்ஸை எடுத்துப் போகட்டும். நின்று பார்க்கட்டும், மாலையில்.