புகை வடிகட்டியைக் கழற்றி எறிதல் தகுமா?

ஓட்டப்பிடாரம் பிர்க்காக் கரிசலில் விளையும் மிளகாய் வற்றல், பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லக் குடியானவர்கள் டீசல் சரக்கு வண்டிகளையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். 1-4-2020 முதல் அமுலுக்கு வந்த பி.எஸ். 6 விதியை அனுசரித்து இவ்வண்டிகளில் டி.பி.எப். எனப்படும் புகை வடிகட்டி பொருத்தப்படுகிறது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 1-1-2023 முதல் புகை விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியின் இழுவை குன்றும்பொழுது, அதைக் கழற்றி எறியும்படி சிலரும், புதிது வாங்கும்படி சிலரும் யோசனை கூறுகின்றனர். காரணம் அறியுமுன் இவ்விரண்டில் எதனையும் ஏற்பது தகாது என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வடிகட்டி, தேன்கூடு போன்ற நுண்ணறைகளையுடைய பீங்கான் உருளையாகும். புகை அறைச் சுவர்களின் நுண்துளை வழியே வெளியேற, கரி உள்ளே தங்கும். ஏறக்குறைய 600 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இக்கரி எரிந்துபோகும். களத்துக்கும் ஊருக்குமாகச் சிறு தூரம் மெதுவாக ஓடும் வண்டியில் அவ்வுஷ்ணம் எளிதில் உண்டாவதில்லை. ஆதலின் விளக்கு முதன்முதல் எரிந்தவுடன், வண்டியின் கைப்புத்தகத்தில் கண்டபடி, மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலை போன்றதோர் இடத்தில் இருபது முப்பது நிமிஷம் ஒரே சீராக ஓட்டுதல் சிலாக்கியம். கரி எரியும் சமயத்தில் பருத்திமார், சோளத்தட்டை முதலிய சருகுகளின் மேல் வண்டியை நிறுத்தலாகாது, தீப்பற்றக்கூடும்.

நிற்க, விளக்கு எரிவதெல்லாம் அடைப்பினால் அன்று. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேற்றுமையை ஒரு சென்சார் இரண்டு மெல்லிய குழாய்களின் மூலம் அளக்கிறது. அக்குழாய் உஷ்ணத்தால் வெடித்தாலும், கரியால் அடைபட்டாலும், எலி கடித்தாலும் அளவு பொய்யாகும். எஞ்சின் ஓடாதபோது, சாவியை மட்டும் திருகிப் பரிசோதனைக் கருவியில் பார்த்தால் அழுத்த வேற்றுமை ஏறக்குறைய பூஜ்யமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் முதலில் சந்தேகிக்க வேண்டியது சென்சாரையே. உஷ்ணத்தை அளக்கும் சென்சார்களையும் இவ்வாறே சோதிப்பது அவசியம். சென்சாரின் விலை வடிகட்டியின் விலையில் ஒரு சிறு பகுதியேயாம்.

உண்மையிலேயே அடைப்பு இருப்பின், பட்டறையில் கருவியின் உதவியால் கரியை எரிக்கச் செய்யலாம். ஆனால் எஞ்சின் எண்ணெயினின்று சேரும் சாம்பல் எரியாது. வடிகட்டியைக் கழற்றி, அதற்குரிய யந்திரத்தில் எதிர்ப்புறமாகக் காற்றைச் செலுத்தியே அதை அகற்ற வேண்டும். கம்பியால் குத்துவதும், கண்ட திராவகங்களை ஊற்றிக் கழுவுவதும் பீங்கானைப் பாழாக்கும். சுத்தம் செய்த பின்னும் விரைவில் அடைபடுமாயின் நோய் வேறிடத்தில் உள்ளது. கரிசல் புழுதியால் அடைந்த காற்று வடிகட்டி, ஒழுகும் இன்ஜெக்டர், சாம்பல் மிகுந்த தகாத எண்ணெய் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். எண்ணெய் மட்டம் தானே உயர்ந்தால், அதில் டீசல் கலந்துள்ளதென்று அறிந்து உடனே மாற்றுக.

வடிகட்டியைக் கழற்றிவிட்டால் செலவு மிஞ்சும் என்பது மேலெழுந்த கணக்கு. அது சட்டவிரோதம்; அன்றியும் அது தடுத்துவந்த நுண்கரி, களத்தில் மூட்டை சுமப்போரின் சுவாசத்தில் கலக்கும்.

எனினும் பழியைக் குடியானவர் தலையில் மட்டும் சுமத்துதல் நியாயமன்று. வண்டியை விற்கும்பொழுதே, குறுந்தூர ஓட்டத்திற்கு அது ஏற்றதா என்பதை விற்போர் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை தன் பயிற்சிகளில் சென்சார் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்வது நலம். மானாவாரிக் குடியானவருக்குப் புரட்டாசி ஈரம் காத்திராது. அறுவடைக் காலத்துச் சந்தை விலையும் காத்திராது. பரிசோதனைக் கருவி கிராமத்துக்கு அருகிலேயே கிடைக்குமாயின், வடிகட்டியைக் கழற்றி எறியும் எண்ணம் தானே மறையும்.