தொண்ணூறு நாள் விலங்கு

கேரள–தமிழ்நாடு எல்லையிலுள்ள காரோட்டையும் கழக்கூட்டத்தையும் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளப் புறவழிச்சாலை இணைக்கிறது. 1990இல் கேரள அரசு நிறுவிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில்தான் உள்ளது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் படித்த இளைஞர்கள் பிழைப்புத் தேடிச் செல்லும் சாலை அது.

பத்தாண்டு அனுபவம் பெற்ற பொறியாளர் ஒருவர் நிறுவனம் மாற முற்பட்டால் நேர்வது என்ன? 90 நாள் முன்னறிவிப்புக் காலம் முழுவதும் உழைத்துத் தீர்க்குமாறு பழைய நிறுவனம் அவரைக் கட்டிவைக்கிறது. புதிய நிறுவனமோ விடுவிப்புக் கடிதம் கேட்கிறது. எனவே இருக்கும் வேலையை முதலில் துறந்தாக வேண்டும். ஆனால், பணியில் சேரும் நாளைத் தள்ளிவைக்கும் உரிமை முதலாளியின் கையிலேயே இருக்கிறது.

2025 ஜூலையில் இது அம்பலமாயிற்று. அனுபவமிக்க 600க்கும் மேற்பட்டோரைத் தேர்வு செய்த டி.சி.எஸ்., அவர்களைப் பணியில் சேர்க்காமல் இழுத்தடிப்பதாக நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சரிடம் முறையிட்டது. தந்த வாக்கு காப்பாற்றப்படும், சேரும் நாள் மட்டும் வணிகத் தேவைக்கேற்ப மாறும் என்றது நிறுவனம். அதே மாதம், ஏறத்தாழ 12,000 பேரை வெளியேற்றப் போவதாகவும் அது அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள்.

"பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாம், இது சுதந்திரச் சந்தை" என்பார்கள். அந்தச் சுதந்திரத்தின் யோக்கியதையைக் கலிஃபோர்னியா காட்டியது. ஒருவர் ஊழியரை மற்றவர் வேலைக்கு அழைப்பதில்லை என ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்திருந்ததாக 2010இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. பொறியாளர்கள் தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகியவை 41.5 கோடி டாலர் தர இசைந்தன. 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது.

இங்கோ, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோரைத் தொழிலாளி என்றே ஏற்பதில்லை. அனுபவத்தால் பதவி உயர்ந்தவர் சட்டப் பாதுகாப்பை இழக்கிறார்.

உறுதியளித்த நாளில் வேலை தராவிட்டால் அன்று முதல் ஊதியம் தர வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தைக் குறைக்க வேண்டும். விடுவிப்புக் கடிதத்தை முடக்குவதைக் குற்றமாக்க வேண்டும். இக்கோரிக்கைகள் சங்கமின்றி வெல்லாது. ஐ.டி. ஊழியர்களைச் சொகுசுப் பிரிவினர் என ஒதுக்கும் மனப்போக்கு நம் அணிகளிலும் உண்டு. அது முதலாளிகளுக்கே உதவுகிறது. காரோட்டிலிருந்து நாள்தோறும் கழக்கூட்டம் செல்லும் ஊழியரைச் சங்கத்தில் சேர்ப்பது எல்லையோரக் கிளைகளின் உடனடிக் கடமை.