இலவசமாக வராத குப்பை

பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொழிலுக்கு மூலப்பொருள் செலவே கிடையாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தெருவில் கிடப்பதைப் பொறுக்கி உருக்கினால் காசு என்பதுதான் அந்தக் கணக்கு. இதை நம்பிக் கடன் வாங்கி, அரைக்கும் கிரைண்டரும் உருக்கிப் பிழியும் எக்ஸ்ட்ரூடரும் வாங்கிப் போடும் குடும்பங்கள்தான் கடைசியில் நொடிந்துபோகின்றன. கணக்கு முதல் வரியிலேயே தவறு.

சிறு பட்டறைக்கு வரும் சரக்கு மூன்று நான்கு கை மாறி வருகிறது. பொறுக்குபவர் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார். கடைக்காரர் மொத்த வியாபாரிக்கு விற்கிறார், வியாபாரி பட்டறைக்கு விற்கிறார். ஒவ்வொரு கையிலும் ஒரு கூலி ஏறுகிறது. பட்டறைக்காரர் ரொக்கம் கொடுத்து வாங்கும் அந்த எடைக்குள் ஈரம், மண், லேபிள், ஒட்டியிருக்கும் எண்ணெய் எல்லாமே உண்டு. வாங்கிய 100 கிலோவில் 20 கிலோ கழுவும் தொட்டியோடு போனால், மீதி 80 கிலோவின் கொள்முதல் விலை கிலோவுக்கு 25 சதவீதம் கூடிவிடுகிறது. மின்சாரக் கட்டணம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அடுத்தது தரம் பிரிப்பு. தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாததும் இதுதான். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை இருக்கும் எண் 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்தது. அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. அந்தப் பொருளை மறுசுழற்சி செய்ய ஆள் இருக்கிறார் என்ற உறுதி அதில் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாலிப்ரொப்பிலினும் பாலிஎத்திலினும் மிதக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட் மூழ்கும். மூடியும் பாட்டிலும் அப்படித்தான் பிரிகின்றன. ஆனால் பிவிசியும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். பெட் உருக ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டை எட்டுமுன்பே பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அந்த வாயு இயந்திரத்தின் உலோகத்தை அரிக்கும், சரக்கைப் பழுப்பாக்கும். ஒரு சாக்கில் கலந்துவிட்ட சில பிவிசித் துண்டுகள் ஒரு நாள் உற்பத்தியையே கெடுக்கப் போதும். தொட்டியால் முடியாததைக் கண்ணும் கையும் மூக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. சுண்டிப் பார்த்து ஓசையிலும், ஓரத்தைக் கொளுத்திப் பார்த்து வாசனையிலும் வகை கண்டுபிடிக்கிறார்கள். பாலிஎத்திலின் மெழுகுவர்த்தி அணைத்த வாடை வீசும். பிவிசியின் புகை தொண்டையைக் காறும், நெருப்பை எடுத்தவுடன் துண்டு அணைந்தும் போகும். பல ஆண்டுப் பழக்கத்தில் கைவரும் இந்தத் தொழிலறிவைப் பொறுக்கும் வேலை என்று சொல்வது பெரிய அநீதி.

குடும்பப் பட்டறையில் இந்தத் தரம் பிரிப்பைச் செய்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கூலி எழுதப்படுவதில்லை. இரவில் எக்ஸ்ட்ரூடர் அருகே நிற்கும் மகனுக்கும் எழுதப்படுவதில்லை. ஊரார் கண்ணுக்குத் தெரியும் லாபத்தில் ஒரு பங்கு இப்படிக் கொடுக்கப்படாத கூலிதான். அதைக் கழித்துப் பார்த்தால் பல பட்டறைகளின் கணக்கில் மிஞ்சுவது சொற்பம்.

விற்கும் விலையும் பட்டறைக்காரர் கையில் இல்லை. பட்டறை உருக்கி எடுத்து விற்கும் மறுசுழற்சிக் குருணையின் விலைக்குப் புதுக் குருணையின் விலையே உச்சவரம்பு. புதுக் குருணையோ கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். 2020இல் எண்ணெய் விலை சரிந்தபோது, புதுச் சரக்கே மலிவாகக் கிடைக்கையில் பழையதை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. காயலான் கடை விலையை அதே அளவுக்கு இறக்க முடியாது, அதற்குள் பொறுக்குபவரின் கூலி இருக்கிறது. இதற்கு மேல் வரி. 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. பதிவு இல்லாத சிறு கடையில் பில் இல்லாமல் வாங்கும் பட்டறைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. விற்கும்போது மட்டும் வரி போட்டே ஆக வேண்டும்.

உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு குறித்து 2022இல் வந்த விதிகள் மறுசுழற்சியாளருக்குச் சான்றிதழ் வழியாக வருமானம் தருகின்றனவே என்று கேட்கலாம். அதற்குப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, பில்லோடு கூடிய கொள்முதல் எல்லாம் வேண்டும். பில் இல்லாமல் வாங்கும் சிறு பட்டறைக்கு அந்த வருமானம் எட்டாது. அதற்காகக் கழுவிய நீரைச் சாக்கடையில் திறந்துவிடும் பட்டறைகளுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அந்த நீரைச் சுத்திகரிக்கத்தான் வேண்டும். அந்தச் செலவும் இலவசம் எனப்படும் குப்பையின் விலையிலேயே சேர்கிறது. வீட்டிலேயே பிரித்துத் தரப்பட்ட உலர்ந்த சரக்கு வந்தால் இந்தச் செலவில் கணிசமான பகுதி குறையும். குப்பைக்குக் காசு ஏது என்று நினைக்கும் ஊரில் அந்தப் பழக்கம் வருவதில்லை.

2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. குப்பையில் சும்மா காசு இருந்திருந்தால் மீதி கிடந்திருக்காது. சிப்ஸ் உறையைப் பார்த்தாலே போதும். பல அடுக்கு பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் காயலான் கடை அதை எடைக்கு வாங்குவதில்லை. யாரும் விலை கேட்காத பிளாஸ்டிக் அது, அதனால்தான் ஊருக்கு ஊர் சாக்கடையில் கிடக்கிறது.