மண்ணுக்குள் கிடக்கும் வெள்ளிக்கு என்ன விலை?

நகைக்கடனுக்கு வரும் நகையைக் கல், அழுக்கு கழித்து, நிகர எடைக்குத்தான் வங்கியில் மதிப்புப் போடுவோம். மண்ணுக்குள் கிடக்கும் வெள்ளிக்கு?

அவுன்ஸை இன்றைய விலையால் பெருக்கினால் போதாது. வெட்டுக்கூலி, ஆலைச் செலவு, வரி, உலோகம் கைக்கு வரும்வரை ஆகிற வட்டி எல்லாத்தையும் கழிக்கணும். அப்புறம், வெட்ட அனுமதி உண்டா?

அர்ஜென்டினாவின் சுபுத் மாநிலத்தில் நவிதாத் என்ற பெரிய வெள்ளிப் படிவு. அக்விலைன் என்ற சிறு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2009இல் பான் அமெரிக்கன் சில்வர் 60 கோடி கனடிய டாலருக்கு மேல் விலை பேசியது. ஆனால், திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் சயனைடுக்கும் 2003 முதலே அங்கே தடை. 2021 டிசம்பரில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 'எங்க தண்ணி போயிடும்' என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரே வாரத்தில் அந்தச் சட்டம் ரத்து. வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய நிலம் மாதிரி ஆச்சு.

நானும் அந்தக் காலத்தில் தண்ணீரைச் சொத்து மதிப்பில் சேர்த்ததில்லை. என் கிணறு வற்றிய கோடையில்தான் புத்தி வந்தது. சுரங்கப் பங்கை யாராவது விற்க வந்தா, முதல்ல ஒண்ணு கேளுங்க: அந்த ஊர்த் தண்ணீரை எந்தக் கணக்கில் எழுதியிருக்கீங்க?