காத்திருப்புக்கும் கூலி வேண்டும்!

அமெரிக்காவின் மத்திய மாநிலங்களுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்கள் அச்சம் தரும் மாதங்கள். 'டொர்னாடோ' எனப்படும் சுழல்காற்று அப்போதுதான் மிகுதியாக வீசும். கடலில் உருவாகி, பல நாள்களுக்கு முன்பே அறிவிக்கப்படும் புயலைப் போன்றதன்று இது. இடிமேகத்திலிருந்து திடீரெனத் தரையிறங்கி, சில நிமிடங்களில் ஊரைச் சிதைத்துவிட்டு மறைந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 சுழல்காற்றுகள் அந்நாட்டில் பதிவாகின்றன. எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் சராசரியாகப் பத்து நிமிடங்களை ஒட்டியதே.

அந்தப் பத்து நிமிடங்களில் வீட்டிலிருப்பவர் நிலவறைக்குள் இறங்கிவிடலாம். நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டிச் செல்பவர் என்ன செய்வார்?

லாரி கனமானது, காற்று அதை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். உண்மை அதற்கு மாறானது. உயர்ந்த, தட்டையான அதன் பக்கவாட்டுச் சுவர்கள் பாய்மரம் போலக் காற்றை வாங்குகின்றன. சரக்கு இல்லாத வண்டியெனில், சுழல்காற்று தேவையில்லை. இடிமழையோடு வரும் பலத்த காற்றே கவிழ்த்துவிடும். 2012 ஏப்ரல் 3 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் அருகே, நிறுத்திவைக்கப்பட்டிருந்த லாரிப் பெட்டிகள் வானில் தூக்கி வீசப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ பகுதியைத் தாக்கிய சுழல்காற்றில் உயிரிழந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்களே.

வானிலைத் துறையினர் கூறும் அறிவுரைகள் தெளிவானவை. புறப்படும் முன் வழியெங்குமுள்ள வானிலையை அறிய வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் சாலையைவிட்டு விலகி, அருகிலுள்ள உறுதியான கட்டடத்தின் உள்ளறையில் ஒதுங்க வேண்டும். மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கக் கூடாது. அங்கு காற்றின் வேகம் கூடும். பறந்து வரும் பொருள்களுக்கும் தடுப்பில்லை. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மேம்பாலங்களின் கீழ் ஒதுங்கிய மூவர் உயிரிழந்தனர். வேறு வழியே இல்லையெனில் சீட் பெல்ட் அணிந்தவாறு, சாளரத்துக்குக் கீழே தலையைத் தாழ்த்தி மூடிக்கொள்ள வேண்டும். அல்லது, வண்டியைவிட்டு விலகிச் சென்று, சாலையைவிடத் தாழ்வான பள்ளத்தில் குப்புறப் படுக்க வேண்டும்.

இவை அனைத்தும் சரியானவை. ஆனால், ஓட்டுநருக்கு வண்டியை நிறுத்தும் சுதந்திரம் இருக்கிறது என்ற அனுமானத்தின் மீதே இவை நிற்கின்றன. பொருளாதாரம் பயின்றவனாக நான் ஐயுறுவது அந்த அனுமானத்தைத்தான்.

நெடுந்தொலைவு ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில்தான் கூலி. சக்கரம் சுழன்றால் வருமானம், நின்றால் இல்லை. 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அளித்த மிகைநேர ஊதியமும் அவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே வண்டி ஓட்டலாம். எதிர்பாராத மோசமான வானிலையெனில் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்ட விதி இடமளிக்கிறது. இழந்த நேரத்துக்கு ஈடு உண்டு; இழந்த கூலிக்கு அவ்விதியில் ஈடில்லை.

வண்டியை நிறுத்தினால் இழப்பு நிச்சயம். தொடர்ந்து ஓட்டினால் ஆபத்து ஒருவேளை வரலாம். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரும்போது, குடும்பச் செலவை எண்ணுபவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் அறவே மௌனமாக இல்லை. ஆபத்தான நிலையில் வண்டி ஓட்ட மறுக்கும் ஓட்டுநரைப் பழிவாங்குவதை 1982-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. எனினும், 2009-இல் இல்லினாய் மாநிலத்தில் கடுங்குளிரில் பழுதாகி நின்ற வண்டியின் சரக்குப் பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு, உயிர் காக்கச் சென்ற ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது 2016 ஆகிவிட்டது. நிறுத்தினால் வேலை போகும், நீதி ஏழாண்டு கழித்து வரும் என்றால், எத்தனை பேர் துணிவார்கள்?

2021 டிசம்பர் 10 அன்று அதே மாநிலத்தின் எட்வர்ட்ஸ்வில் நகரில் அமேசான் கிடங்கு இடிந்து ஆறு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்களின்கீழ் பொருள் விநியோகித்த ஓட்டுநர்கள். ஆதாயம் ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு என்ற ஏற்பாட்டின் விளைவு இத்தகையதே.

எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய்த்துப்போகின்றனவே, ஒவ்வொன்றுக்கும் வண்டிகளை நிறுத்தினால் சரக்குக் கட்டணம் உயராதா என்று கேட்கலாம். சற்று உயரும்தான். பலர் சிறிதளவு செலுத்தி, சிலருக்கு நேரும் பேரிழப்பைத் தாங்குவதே காப்பீட்டின் தத்துவம். ஒரு மணி நேரக் கூலியை ஒரு லாரிச் சரக்கின் மீது பரப்பினால், ஒரு பொருளின் விலையில் அது கண்ணுக்குத் தெரியாது.

இதற்குத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. வண்டி இருக்கும் இடம் நிறுவனத்துக்கு நொடிக்கு நொடி தெரிகிறது. 2007 முதல் எச்சரிக்கைகளும் மாவட்டம் முழுமைக்கும் என்றில்லாமல், ஆபத்துள்ள பகுதியை மட்டும் வரைபடத்தில் வரையறுத்தே வெளியிடப்படுகின்றன. அப்பகுதிக்குள் வண்டி நிற்கும் நேரத்துக்கு மணிக்கூலி, தாமதத்துக்குத் தண்டத்தொகை இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளைச் சரக்கு ஒப்பந்தங்களில் கட்டாயமாக்கினால் போதும்.

'வண்டியை நிறுத்து' என்று ஓட்டுநருக்கு அறிவுரை கூறுவது எளிது. நிறுத்தியதற்கான செலவை ஏற்றுக்கொள்பவர்களுக்கே அதைக் கூறும் தகுதி உண்டு.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).