சுவர் தாண்டுகிறவனுக்கு வாத்தியார் எதற்கு?

பார்கூர் வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கென்று சர்வதேசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன என்றால் படித்தவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். சுவரேறிக் குதிப்பதற்குப் பாடத்திட்டமாம், பரீட்சையாம், சர்டிபிகேட்டாம்! குரங்குக்கு எந்த வாத்தியார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்கிறார்கள்.

குரங்கு தன் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தாவுகிறது. ஊரார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 'ம், தாவு!' என்று அது உத்தரவு போடுவதில்லை. உத்தரவு போடுகிற மனிதன் எதையாவது கற்றிருக்க வேண்டாமா என்றுதான் நான் கேட்கிறேன்.

இது வேலையற்ற பிள்ளைகளின் சேஷ்டையாகப் பிறந்ததும் அல்ல. பயன்படுவதற்காகவே பலம் வேண்டும் என்றார் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர். ஓடுவது, ஏறுவது, தாண்டுவது, சுமப்பது எல்லாவற்றையும் சேர்த்து அவர் வகுத்த 'இயற்கை முறை'யிலிருந்து ராணுவத்தின் தடை தாண்டும் பயிற்சி வளர்ந்தது. வியட்நாமில் பிறந்து பாரிஸ் தீயணைப்புப் படையில் பேர் வாங்கிய ரேமோன் பெல் அதைத் தன் மகன் டேவிடுக்குக் கொடுத்தார். பாரிஸுக்குத் தெற்கே லிஸ் என்ற புறநகரில் டேவிடும் கூட்டாளிகளும் அதை வளர்த்தார்கள். அவர்களில் பலர் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். 1997-ல் 'யமகாசி' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். அது காங்கோ நாட்டு லிங்காலா மொழிச் சொல்.

அந்த மூத்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, லண்டனிலுள்ள பார்கூர் ஜெனரேஷன்ஸ் அமைப்பு உருவாக்கியதுதான் 'அடாப்ட்' பயிற்சி. முதல் படியில் தேறியவர் உதவியாளர்தான். தன் பொறுப்பில் வகுப்பெடுக்க அடுத்த படியும் தேற வேண்டும். பாதத்தின் முன்பகுதியில் இறங்கி முழங்காலை மடக்குவது, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருண்டு அதிர்ச்சியைக் கரைப்பது, இவையெல்லாம் பாடம். ஆனால் ஆசிரியனுக்கு இவற்றைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற ஒரே காரணத்துக்காக விளிம்பில் நிற்கும் பதினாறு வயதுப் பையனிடம், அவன் மானம் போகாதபடி, 'இன்றைக்கு வேண்டாம், இறங்கு' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

என் சண்டை பயிற்சியோடு அல்ல. அதைக் கைப்பற்ற வந்தவர்களோடு. 2017 ஜனவரியில் பிரிட்டன் பார்கூரைத் தனி விளையாட்டாக அங்கீகரித்தது. அதே ஆண்டில், 1881-ல் தோன்றிய சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் இது தங்கள் கிளை என்று வந்தது. நாங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அல்ல என்று பல நாட்டுச் சங்கங்கள் கூவின. 2018 டிசம்பரில் பாக்கு நகர மாநாட்டில் சம்மேளனம் அதைத் தன் பட்டியலில் சேர்த்தே விட்டது. 2022-ல் டோக்கியோவில் உலகப் போட்டியும் நடத்தியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்!

சம்மேளனத்துக்கு அனுபவம் இல்லையா என்பார்கள். உண்டு, பணமும் உண்டு. ஆனால் அந்தப் போட்டியில் ஒன்றைக் கடிகாரம் தீர்மானிக்கிறது. மற்றொன்றை நடுவரின் மதிப்பெண் தீர்மானிக்கிறது. இரண்டிலும், இறங்கி வந்த பையனுக்கு மதிப்பெண் கிடையாது. அவனைப் பத்திரமாக இறக்கிய ஆசிரியனின் பெயர் எந்தப் பலகையிலும் ஏறாது.

சர்டிபிகேட் வேண்டியதுதான். அதில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தச் சுவர்களில் முழங்கால் தேய்த்தவராக இருக்கட்டும்.